நாளிதழை யார் வாங்கலாம்?

அன்புள்ள ஐயா,

நாளிதழ்களை வாங்குவதற்கும் இணைப்பதற்கும் அரசின் ஒப்புதல் வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அரசைக் கண்காணிக்க வேண்டிய பத்திரிகைக்கு அரசே முதலாளியைத் தேர்ந்தெடுப்பதா? பாலுக்குப் பூனையைக் காவல் வைப்பது போலிருக்கிறது. தவிர, நஷ்டத்தில் ஓடும் இதழை வாங்க ஒரு பணக்காரர் வந்தால் விட்டுவிட வேண்டியதுதானே? மூடுவதைவிட அது மேல் அல்லவா?

ச.

அன்புள்ள ச.,

உங்கள் இரண்டாவது கேள்வியைச் சட்டமே ஒருமுறை கேட்டுக்கொண்டிருக்கிறது. பிரிட்டனின் 1973ஆம் ஆண்டுச் சட்டப்படி, வாங்குபவரின் இதழ்களும் விற்கப்படும் இதழும் சேர்ந்து நாளொன்றுக்கு 5 லட்சம் பிரதிகளை எட்டினால் அமைச்சரின் ஒப்புதல் தேவைப்பட்டது. அதற்கு முன், ஏகபோகங்களை ஆராயும் அமைப்பான ஏகபோக ஆணையம் விசாரிக்க வேண்டியிருந்தது. ஆனால் இதழ் நொடித்துப்போகும் நிலையில் இருந்து, அவசரமும் இருந்தால் அமைச்சர் விசாரணையைத் தவிர்க்க முடிந்தது.

1981 ஜனவரியில் ‘டைம்ஸ்’, ‘சண்டே டைம்ஸ்’ இரண்டும் இந்தச் சந்து வழியாகத்தான் ரூபர்ட் மர்டாக்கிடம் போயின. ‘சன்’, ‘நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட்’ ஏற்கெனவே அவருடையவை. டைம்ஸ் நஷ்டத்தில் இருந்ததை யாரும் மறுக்கவில்லை. சண்டே டைம்ஸும் அப்படித்தானா என்பதில்தான் தகராறு. இரண்டுமே நொடித்தவை என்றார் வணிகத்துறை அமைச்சர் ஜான் பிஃபன். மார்ச்சுக்குள் விற்காவிட்டால் மூடிவிடுவோம் என்று விற்பவரான தாம்சன் நிறுவனம் கெடு வைத்திருந்தது. அதுவே சட்டம் கேட்ட அவசரமாகிவிட்டது. (விற்பவரே அவசரத்தை உண்டாக்கிக்கொள்ளலாம் என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை போலும்.) ஜனவரி 4ஆம் தேதி பிரதமர் தாட்சரின் செக்கர்ஸ் மாளிகையில் மர்டாக் மதிய உணவு சாப்பிட்ட செய்தி 2012இல்தான் ஆவணங்களிலிருந்து வெளிவந்தது. அதே 1981இல் ‘அப்சர்வர்’ இதழை லோன்ரோ நிறுவனம் வாங்கியபோது மட்டும் ஆணையம் விசாரித்தது.

அமைச்சர் தனக்குப் பிடிக்காதவரைத் தடுத்துவிடுவார் என்று அஞ்சுகிறீர்கள். வேண்டியவரைக் கேள்வி கேட்காமல் உள்ளே விட்டுவிடுவார் என்பதே என் அச்சம். தேர்தலில் பத்திரிகையின் தயவு தேவைப்படுகிறவரிடம் இந்த முடிவை விடக் கூடாது. அவசரம் என்றால் ஆணையத்துக்கு ஆறு வாரக் கெடு கொடுங்கள். விசாரணையே வேண்டாம் என்று ஏன் சொல்ல வேண்டும்?

பணக்காரர் இல்லையென்றால் மூடுவிழா என்கிறீர்கள். அன்று வாங்க வேறு சிலரும் முன்வந்தார்கள். சண்டே டைம்ஸின் ஆசிரியர் ஹரால்ட் எவன்ஸ்கூட அந்த இதழுக்காக ஒரு குழுவைத் திரட்டினார். கடைசியில் மர்டாக்கே அவரை டைம்ஸின் ஆசிரியராக்கினார். முதலாளியைச் சாராத சுதந்திர இயக்குநர்களின் சம்மதமின்றி ஆசிரியரை நீக்கக் கூடாது என்பது விற்பனைக்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகளுள் ஒன்று. ஆனால் சுமார் ஓராண்டிலேயே, 1982 மார்ச்சில் முதலாளி விலகச் சொன்னார், எவன்ஸ் விலகினார். நிபந்தனைகள் காகிதத்தில் தொடர்ந்தன. 2022இல் அரசு அவற்றையும் நீக்கிவிட்டது.