மனைவி மனநல மாத்திரை சாப்பிடுவதை மறைத்துத் திருமணம் செய்துவிட்டார்கள், விவாகரத்து கிடைக்குமா?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பதன் சாரம் இது: திருமணமாகி ஏழு மாதங்கள் ஆகின்றன, மனைவி மனச்சிதைவு நோய்க்கு மாத்திரை எடுத்துக்கொள்வது சென்ற வாரம்தான் தெரியவந்தது, ‘பைத்தியத்தை என் தலையில் கட்டிவிட்டார்கள்’ என்கிறார். நான் வழக்கறிஞர் இல்லை. எங்கள் குடும்பத்தில் இதே நோயோடு இருவர் வாழ்கிறார்கள். அவர்களுக்காக மருத்துவமனைக்கும் குடும்ப நீதிமன்றத்துக்கும் அலைந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் சட்டம். நீங்கள் 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டப்படி மணந்தவர் என்று எடுத்துக்கொள்கிறேன். திருமணமாகி ஓராண்டு முடியும் முன் விவாகரத்து மனுவைச் சாதாரணமாக ஏற்கமாட்டார்கள். முக்கியமான உண்மையை மறைத்து ஏமாற்றிவிட்டார்கள் என்ற அடிப்படையில் திருமணத்தையே ரத்துச் செய்யக் கோரலாம்; ஆனால் அந்த மனுவை உண்மை தெரிந்த ஓராண்டுக்குள் போட வேண்டும், தெரிந்த பிறகும் மனமொப்பிச் சேர்ந்து வாழ்ந்திருந்தால் அது நிற்காது. விவாகரத்துக்கான 13-ஆம் பிரிவில் மனநோய் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டிருக்கிறது, மனச்சிதைவும் அதில் பெயர் குறிப்பிட்டே வருகிறது. பலரும் இந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அதே பிரிவு, சேர்ந்து வாழ்வதை நியாயமாக எதிர்பார்க்க முடியாத அளவுக்கு அந்த நோய் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நோயின் பெயரை மட்டும் காட்டி மணவிலக்குப் பெற முடியாது, அதன் தீவிரத்தை நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1988-இல் கூறியது. 2013-இல் அதே நீதிமன்றத்துக்கு ஆந்திராவிலிருந்து வந்த ஒரு வழக்கில் கணவன், மனைவி இருவருமே மருத்துவர்கள். மனைவிக்கு மனச்சிதைவு என்று கணவர் விவாகரத்துக் கேட்டார். அந்தப் பெண் மேற்படிப்பும் முடித்து அரசு மருத்துவராகப் பணியாற்றிவந்ததைச் சுட்டிக்காட்டி நீதிமன்றம் மறுத்துவிட்டது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும், ஒருவருக்கு மனநோய் இருக்கிறது என்பதாலேயே அவர் சித்தசுவாதீனம் இல்லாதவர் ஆகிவிடமாட்டார் என்கிறது. ஆகவே, நீங்கள் கண்டெடுத்த மாத்திரை அட்டை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு வழக்கு நடத்த முடியாது.

அடுத்தது, ஏன் மறைத்தார்கள் என்பது. எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன்.

என் பெரியப்பா மகனுக்குக் கல்லூரியின் கடைசி ஆண்டில் நோய் தொடங்கியது. பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற சொலவடையில் எங்கள் குடும்பம் இரண்டாம் பாதியை மட்டும் நம்பியது. ஒரு கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்று பெண் பார்த்தார்கள்; பெண் வீட்டில் வாய் திறக்கவில்லை. விஷயம் தெரிந்து அண்ணி அழுதபோது, ‘இனிமேல் அவன் உன் பொறுப்பு, நீதான் பக்குவமாகத் தேற்றிக் கொண்டுவர வேண்டும்’ என்றார் பெரியம்மா. அண்ணியை நாம் ஏமாற்றிவிட்டோம் என்று அந்தக் கூடத்தில் இருந்த ஒருவரும் சொல்லவில்லை.

அதே நோய் என் சித்திக்கும் இருந்தது. அவரைக் கட்டிக்கொடுத்தபோதும் மறைத்தார்கள். புகுந்த வீட்டுச் சமையலறை அலமாரியில், கால்சியம் என்று ஒட்டியிருந்த புட்டிக்குள் அவருடைய ரிஸ்பெரிடோன் மாத்திரைகள் இருந்தன. மாதவிலக்குத் தள்ளிப்போனபோது மாமியார் முதலில் மகிழ்ந்தார். கர்ப்பம் இல்லை என்று தெரிந்ததும் ஜாடைப் பேச்சு ஆரம்பமானது. அந்த மருந்து புரோலாக்டின் என்ற சுரப்பைக் கூட்டி மாதவிலக்கை நிறுத்தக்கூடியது. அளவைக் குறைத்தோ வேறு மருந்துக்கு மாற்றியோ பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். ஆனால் ஒளித்துவைத்து விழுங்கும் மருந்தைப் பற்றி யாரிடம் போய்க் கேட்பது? சித்தி மாத்திரையை நிறுத்தினார், நோய் திரும்பியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தப்பாவும் அவருடைய அண்ணனும் வாடகைக் காரில் வந்து அவரைத் தாத்தா வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். நகைகளுக்கும் ஜீவனாம்சத்துக்கும் பிறகு வழக்குப் போட வேண்டியதாயிற்று.

இது எங்கள் குடும்பத்தின் தனிக்கதை இல்லை. மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் தொடங்கிய, மனச்சிதைவுக்குச் சிகிச்சையும் அது பற்றிய ஆய்வும் செய்யும் ஸ்கார்ஃப் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், மருத்துவர் தாராவின் தலைமையில், மனச்சிதைவு வந்து மணவாழ்க்கை முறிந்த பெண்களைச் சந்தித்து 2003-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நோயால் வந்த அவப்பெயரைவிட, கணவனால் கைவிடப்பட்டவள் என்ற அவப்பெயரே அந்தப் பெண்களையும் அவர்களுடைய குடும்பங்களையும் அதிகம் வாட்டியது என்பது அவர்கள் கண்டவற்றுள் ஒன்று. என் சித்தி இன்றுவரை தாலியைக் கழற்றாததற்கு எனக்கு அதில்தான் விளக்கம் கிடைத்தது. இந்த நோய் பெண்களுக்கு ஆண்களைவிடச் சில ஆண்டுகள் பிந்தித் தொடங்குவது வழக்கம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது நம் ஊரில் சரியாகக் கல்யாண வயது. திருமணத்துக்குப் பிறகு புதிதாக வந்த நோயைக்கூட, முன்பே இருந்ததை மறைத்துவிட்டார்கள் என்று பழிசொல்வது அதனால் எளிதாகிவிடுகிறது.

உங்களிடம் மறைத்தது தவறுதான். உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பயமும் இருக்கும், இரவில் தூங்காமல் தனக்குத்தானே பேசும் ஒருவரோடு ஒரே வீட்டில் இருப்பது எவ்வளவு அலுப்பைத் தரும் என்பதை என் அண்ணியைப் பார்த்துத் தெரிந்துகொண்டவள் நான். ஆனால் ஏமாற்றியவர் யார் என்று பிரித்துப் பாருங்கள். சொல்லக்கூடாது என்ற முடிவை நம் வீடுகளில் பெரும்பாலும் அப்பாவும் மாமாவும்தான் எடுக்கிறார்கள். பெண்ணிடம் ‘மாத்திரையை யார் கண்ணிலும் படாமல் போட்டுக்கொள்’ என்ற கட்டளைதான் வந்து சேர்கிறது. ஏழு மாதமாக நோய் உங்கள் கண்ணில் படவில்லை என்றால், அவர் மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார் என்றே பெரும்பாலும் அர்த்தம். பிறந்த வீட்டில் விலைபோகாத சரக்கு, புகுந்த வீட்டில் பழுதான சரக்கு என்ற இந்தக் கணக்கு ஆண் நோயாளிக்கு மட்டும் ஏன் போடப்படுவதில்லை என்பதையும் யோசியுங்கள்.

வழக்கறிஞரைப் பார்க்கும் முன், பெரியவர்கள் யாரும் இல்லாத நேரத்தில், மனைவியிடம் நேரடியாகக் கேளுங்கள்: எப்போது தொடங்கியது, எந்த மருத்துவர், கடைசியாக நோய் முற்றியது எப்போது. அவர் சம்மதித்தால் அந்த மருத்துவரிடம் இருவரும் சேர்ந்து போங்கள். சம்மதம் இல்லாமல் மருத்துவர் உங்களிடம் எதையும் சொல்ல முடியாது. குழந்தை பற்றிய எண்ணம் இருந்தால் அதை முதல் கேள்வியாக வையுங்கள். சிலருக்கு உடன் கொடுக்கப்படும் வால்புரோயேட் போன்ற மருந்து கருவைப் பாதிக்கும். அதற்காக எல்லா மாத்திரைகளையும் தாங்களாகவே நிறுத்துவது அதைவிட ஆபத்தானது. அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம், உங்களுக்காகவே நீங்கள் அழைக்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் பிரிவதென்று முடிவெடுத்தால் அது உங்கள் உரிமை. அதில் நான் குறைசொல்ல ஒன்றுமில்லை. உறவினர்களிடம் நோயின் பெயரைச் சொல்லிப் பரப்பாதீர்கள். நகை, சீர்ப் பொருள் அனைத்தையும் பட்டியல் போட்டு ஒப்படையுங்கள். ஜீவனாம்சத்தை முதல் பேச்சிலேயே பேசி முடியுங்கள். அவருடைய மருத்துவச் சீட்டுகள் உங்கள் வீட்டில் இருந்தால் ஒன்றுவிடாமல் கொடுத்தனுப்புங்கள். சித்தியின் சீட்டுகள் திரும்பி வராததால், எந்த மருந்து ஒத்துக்கொண்டது, எந்த அளவில் கொடுத்தார்கள் என்று தெரியாமல் புதிய மருத்துவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.