கேள்வி - பதில்

கேள்வி: 2024 செப்டம்பரில் ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டுக்கு நம் அரசு 1,000 டன் அரிசி அனுப்பியது. அதற்குப் பிறகும் உதவி கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எவ்வளவு கொடுத்தாலும் போதாதா? சும்மா கொடுத்துப் பழக்கினால் அந்த ஊர் விவசாயி எப்படி உழைப்பான்?
- வாசகர், மன்னார்குடி

பதில்: முதலில் கணக்கு. அந்தப் பஞ்ச காலத்தில், அதாவது 2024 அக்டோபர் முதல் 2025 மார்ச் வரை, உணவு உதவி தேவைப்படுவோர் 57 லட்சம் பேர் என்று மதிப்பிட்டிருந்தார்கள். முழுப் பங்கு என்றால் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 400 கிராம் தானியம். பெருக்கினால் ஒரு நாளைக்கு 2,280 டன். நாம் அனுப்பிய அரிசி அரை நாளைக்குக்கூட வராது. முழுப் பங்கை விட்டுவிட்டு, குடும்பத்துக்கு மாதம் 50 கிலோ மூட்டை ஒன்று என்று வைத்தாலும் 20,000 குடும்பங்களுக்கு ஒரு மாதம் வரும். தேவையில் இருந்ததோ பன்னிரண்டு லட்சம் குடும்பங்களுக்கு மேல். அரிசி அனுப்பியது நல்ல காரியம். ஆனால் அதை வைத்து ‘எவ்வளவு கொடுத்தாலும்’ என்று பேச முடியாது.

அங்கே என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். மலாவியில் பெரும்பாலான விவசாயிகளுக்கு மழை ஒரே பருவம்தான். நவம்பரில் விதைப்பு, ஏப்ரலில் அறுவடை. விளைவது பெரும்பாலும் மக்காச்சோளம். அதன் மாவில் கிண்டும் ‘ந்சிமா’ என்ற களிதான் இரண்டு வேளையும். பசிபிக் கடல் சூடேறி மழையைக் குலைக்கும் எல் நினோ ஆண்டான 2024-ல் மழை பொய்த்தது ஜனவரி நடுவிலிருந்து, பயிர் பூக்கும் நேரத்தில். மக்காச்சோளக் கதிரின் நுனியில் தொங்கும் இழை ஒவ்வொன்றும் ஒரு மணிக்கு உரியது. மேலே ஆண் பூ மகரந்தம் உதிர்ப்பது ஏறக்குறைய ஒரு வாரம். அந்த நாட்களில் ஈரம் இல்லாவிட்டால் இழை வெளிவரத் தாமதமாகும், வந்ததும் காய்ந்துபோகும். பிறகு மழை பெய்தால் தட்டை பச்சையாகவே நிற்கும், உரித்துப் பார்த்தால் கதிரில் நாலைந்து மணிதான் இருக்கும். சாலையில் போகிறவருக்கு வயல் நன்றாகத்தான் தெரியும். கதிர் வாங்கும் நேரத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று உங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இனி, உழைப்புக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் என்னைக் கோபப்படுத்தியது இந்தப் பகுதிதான். மலாவியில் ‘கன்யு’ என்று ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் தானியம் தீர்ந்தவர் வசதியானவரின் வயலுக்குப் போய்க் களை வெட்டி, அன்றன்றைக்குக் கூலியாகக் காசோ மாவோ வாங்கிவருவார். தானியம் தீர்வது எப்போது? டிசம்பர், ஜனவரியில். தன் வயலில் களை எடுக்க வேண்டியதும் அதே வாரங்களில்தான். காலையிலிருந்து அடுத்தவர் வயலில் மண்வெட்டி பிடித்தால் தன் பயிரைக் களை மூடிவிடும். யூரியா இட வேண்டிய நாளும் தவறிவிடும். பசி தாங்காமல் பிப்ரவரியில் பால் பிடித்த கதிரையே ஒடித்துத் தின்ன வேண்டிவரும். ஆக, இந்த ஆண்டுப் பசி அடுத்த ஆண்டு விளைச்சலையும் தின்கிறது. அந்த 50 கிலோ மூட்டை நேரத்துக்கு வந்தால் அவர் தன் வயலில் நிற்பார். அவரை உழைக்க விடுவதே அந்த மூட்டைதான்.

நேரத்துக்கு என்று சொன்னேனே, சங்கடமே அதில்தான். மலாவிக்குக் கடல் கிடையாது. கப்பல் சரக்கு மொசாம்பிக்கின் பெய்ரா, நகாலா துறைமுகங்களில் இறங்கி ரயிலிலும் லாரியிலும் வர வேண்டும். நவம்பரில் மழை பிடித்துவிட்டால் தெற்கே ஷிரே ஆற்றுப் பள்ளத்தாக்கின் மண் சாலைகளில் லாரி புதைந்து நிற்கும். ஆகவே பணம் ஜூன், ஜூலையில் கையில் இருந்தால்தான் மூட்டை அக்டோபருக்குள் கிராமக் கிடங்கில் இருக்கும். டிசம்பரில் வரும் பணம் அந்தப் பருவத்துக்குப் பாதிதான் உதவும்.

அக்கம்பக்கத்தில் வாங்கலாமே என்பீர்கள். வழக்கமாக அதுதான் சிக்கனம். ஆனால் அந்த ஆண்டு ஜாம்பியாவிலேயே 22 லட்சம் ஹெக்டேர் மக்காச்சோளத்தில் 10 லட்சம் ஹெக்டேர் அழிந்துபோனது. ஜிம்பாப்வேயும் பேரிடர் அறிவித்தது. சந்தையில் தானியம் இருக்கும் இடத்தில் கையில் பணம் கொடுப்பது சிறந்தது, வேண்டியதை அவர்களே வாங்கிக்கொள்வார்கள். தானியமே இல்லாத சந்தையில் பணத்தை இறக்கினால் விலைதான் ஏறும், பட்டியலில் பெயர் இல்லாத பக்கத்து வீட்டுக்காரர் பட்டினி கிடப்பார். எந்த மாவட்டத்துக்கு மூட்டை, எதற்குப் பணம் என்று பிரித்துப் பார்க்காமல் செய்கிற உதவி கெடுதலும் செய்யும்.

தாமதத்தின் விலையை அந்த நாடு ஏற்கெனவே கொடுத்திருக்கிறது. 2001-ல் விளைச்சல் குறைந்தது. கிழங்கு விளைச்சலை மிகையாகக் கணித்ததால் பற்றாக்குறை பெரிதாகத் தெரியவில்லை. அரசின் சேமிப்பு மக்காச்சோளமும் விற்கப்பட்டிருந்தது. அன்றைய அதிபர் முலுசி பேரிடர் அறிவித்தது 2002 பிப்ரவரி இறுதியில். அதற்குள் நூற்றுக்கணக்கானோர் இறந்திருந்தார்கள். 2024-ல் அப்படிக் காத்திருக்கவில்லை. அறுவடைக்கு முன்பே, மார்ச்சில், 28 மாவட்டங்களில் 23-ல் பேரிடர் என்று அப்போதைய அதிபர் சக்வேரா அறிவித்து, 20 கோடி டாலருக்கு மேல் உதவி கேட்டார். பசி முற்றுவதற்கு எட்டு, ஒன்பது மாதம் முன்னால். கேட்க வேண்டிய நேரத்தில்தான் கேட்டார்கள்.