பழைய காரில் டயர் பிரஷர் வார்னிங் லைட் அணையவே மாட்டேன் என்கிறது, காற்றும் சரியாகத்தான் இருக்கிறது. சென்சரை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

மாற்ற வேண்டியிருக்கலாம். ஆனால் எதையும் வாங்குவதற்கு முன், அந்த லைட் எப்படி எரிகிறது என்று ஒரு முறை பாருங்கள். சாவியை ஆன் செய்ததும் டேஷ்போர்டில் எல்லா விளக்குகளும் ஓரிரு நொடி எரிந்து அணையும். அது வெறும் சோதனை. அதற்குப் பிறகும் டயர் விளக்கு மின்னாமல் நிலையாக எரிந்தால், காரின் கணக்குப்படி ஏதோ ஒரு டயரில் காற்று குறைவு. 60 முதல் 90 நொடி வரை மின்னிவிட்டுப் பிறகு நிலையாக எரிந்தால், பிரச்சினை காற்றில் இல்லை, கண்காணிப்பு அமைப்பில்தான். பெரும்பாலான கார்களில் இதுதான் வழக்கம். வண்டியை ஸ்டார்ட் செய்தவுடனே கிளப்பிவிடுகிறவர்கள் இந்த மின்னலைக் கவனிப்பதில்லை. அதனால்தான் இரண்டு கோளாறும் ஒன்றுபோலத் தெரிகிறது.

லைட் நிலையாக எரிகிறதா? அப்படியானால் காற்று "சரியாக" இருக்கிறது என்பதை எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று பாருங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் அதிகபட்ச அழுத்தம், உங்கள் காருக்கான அளவு அல்ல. சரியான அளவு ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். முன், பின் சக்கரங்களுக்கு வேறு வேறு எண்கள்கூட இருக்கலாம். அந்த எண்கள் குளிர்ந்த டயருக்கு உரியவை, அதாவது வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற பிறகு அளப்பது. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் குறைந்தால் டயரில் சுமார் ஒன்றரை பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அலகு) குறையும். ஆகவே மதிய வெயிலில் ஓட்டி வந்து நிரப்பிய டயர் மறுநாள் விடியற்காலையில் லைட்டை எரிய வைப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. இன்னொன்று: எச்சரிக்கை வரும் அளவும் அணையும் அளவும் பல கார்களில் ஒன்றல்ல. 24-இல் எரிந்த லைட் 26 ஆக்கியதும் அணையாது, ஸ்டிக்கரில் உள்ள அளவை ஒட்டி நிரப்பினால்தான் அணையும்.

ஸ்டெப்னியை மறந்துவிடாதீர்கள். முழு அளவு ஸ்டெப்னி உள்ள சில கார்களில் அதற்குள்ளும் ஐந்தாவதாக ஒரு சென்சர் இருக்கும். நான்கு டயரையும் பத்து முறை அளந்துவிட்டு, வண்டிக்கு அடியில் வருடக்கணக்காகத் தொங்கிக்கொண்டிருக்கும் ஐந்தாவதைத் தொடாமலே சென்சர் வாங்கியவர்கள் நிறையப் பேர்.

அடுத்த கேள்வி, உங்கள் சக்கரத்துக்குள் சென்சர் இருக்கிறதா என்பது. ஹோண்டா, ஃபோக்ஸ்வேகன், ஆடி, மாஸ்டா கார்கள் பலவற்றில் டயருக்குள் ஒன்றுமே கிடையாது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பின் சென்சர்கள் அளக்கும் சக்கர வேகத்தை வைத்தே கார் ஊகிக்கிறது: காற்று குறைந்த டயரின் உருளும் ஆரம் சற்றுக் குறையும், அதனால் அது மற்றவற்றைவிடக் கொஞ்சம் வேகமாகச் சுற்றும். இந்த வகையில் நான்கையும் சரியாக நிரப்பிவிட்டு, பட்டனையோ மெனுவையோ வைத்து ரீசெட் செய்து ஓட்டினால் போதும், புதிய அளவைக் கார் தானே கற்றுக்கொள்ளும். ஒரு டயர் மட்டும் புதிது, மற்றவை தேய்ந்தவை என்றாலும் இது குழம்பும். கூடவே ஏ.பி.எஸ். லைட்டும் எரிந்தால் கோளாறு சக்கர வேக சென்சரில் இருக்கலாம், டயர் பக்கம் போகவே வேண்டாம்.

இனி உள்ளே சென்சர் உள்ள வகை. வால்வின் அடியில் பொருத்தியிருக்கும் இந்தச் சின்னப் பெட்டிக்குள் அழுத்தமானி, ரேடியோ, லித்தியம் பேட்டரி மூன்றும் இருக்கின்றன. அதிர்வும் ஈரமும் தாங்குவதற்காக முழுவதையும் பிசினில் மூழ்கடித்திருப்பார்கள். பேட்டரி ஏறத்தாழ 7 முதல் 10 வருடம் வரும், நிறைய ஓடும் வண்டியில் அதற்கும் முன்பே தீரும். பிசினைச் சுரண்டி பேட்டரி மாற்றும் வீடியோக்கள் கிடைக்கின்றன. செய்ய முடியாது என்றில்லை. ஆனால் பூச்சு பழையபடி அடைபடாவிட்டால் சில மாதத்தில் ஈரம் ஏறும், அப்புறம் டயரை மறுபடி கழற்ற வேண்டும். டயர் கழற்றும் கூலியை நினைத்தால் அது மிச்சம் பிடிக்கிற வேலை இல்லை.

எந்தச் சக்கரம் என்று கண்டுபிடிக்க ஊகம் உதவாது, டி.பி.எம்.எஸ். (டயர் அழுத்தக் கண்காணிப்பு அமைப்பு) கருவி வேண்டும். டயர் கடைகளில் இருக்கும், சொந்தமாக வாங்கவும் செய்யலாம். காரின் மாடலைத் தேர்ந்தெடுத்து, வால்வுக்குப் பக்கத்தில் டயர் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பட்டனை அழுத்தினால், 125 கிலோஹெர்ட்ஸ் சிக்னல் தூங்கும் சென்சரை எழுப்பும். பதிலாக அழுத்தம், வெப்பநிலை, சென்சரின் அடையாள எண் ஆகியவை திரையில் வரும். அந்த எண்ணை எழுதிவையுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். நான்கில் மூன்று பேசி ஒன்று பேசாவிட்டால், கருவியைக் கொஞ்சம் நகர்த்தி இரண்டு மூன்று முறை முயலுங்கள். அப்படியும் பதில் வராவிட்டால் அதுதான் ஆள். "பேட்டரி ஓகே" என்று திரை காட்டுவதை நம்பிக் கடந்துவிட வேண்டாம். சாகப்போகும் பேட்டரிக்குக் குளிரில்தான் முதலில் மூச்சு வாங்கும். காலையில் லைட் வந்து மதியம் காணாமல் போகிறது, ஆனால் காற்று குறையவில்லை என்றால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம்.

நான்கும் கருவியிடம் நன்றாகப் பேசுகின்றன, காரில் மட்டும் லைட் எரிகிறது என்றால் சென்சர் வாங்காதீர்கள். ஒன்று, காரின் நினைவில் உள்ள எண்களும் சக்கரத்தில் உள்ள எண்களும் ஒத்துப்போகவில்லை. பழைய காரை இரண்டாம் கையாக வாங்கியவர்களுக்கு, அதுவும் ரிம் மாற்றிய வண்டி என்றால், இது அடிக்கடி நடக்கும். அல்லது சென்சர்களின் சிக்னலை வாங்கும் ரிசீவர், அதன் ஃபியூஸ், ஒயரிங் இவற்றில் கோளாறு. மலிவான யு.எஸ்.பி. சார்ஜர்களும் டேஷ்கேமரா அடாப்டர்களும் ரேடியோ இரைச்சல் கிளப்பி ரிசீவரைச் செவிடாக்குவது உண்டு. அவற்றைப் பிடுங்கிவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பார்ப்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அலைவரிசை. வட அமெரிக்கச் சந்தைக்கான பல கார்களில் 315 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவிலும் வேறு பல நாடுகளிலும் 433 மெகாஹெர்ட்ஸ். ஒரே மாடல், ஒரே வருடம் என்றாலும் சந்தைக்குத் தகுந்தபடி மாறும். இறக்குமதி வண்டி வைத்திருப்பவர்கள் பழைய சென்சரில் அச்சிட்டிருப்பதைப் பார்த்தே வாங்குவது நல்லது. பழைய வண்டிகளிலிருந்து கழற்றிய சென்சர்கள் மலிவாகக் கிடைக்கும், வேண்டாம். அதில் எவ்வளவு பேட்டரி மிச்சம் என்று விற்கிறவருக்கும் தெரியாது.

புரோகிராம் செய்யக்கூடிய பொதுச் சென்சர்கள் பழைய காருக்கு நல்ல தேர்வு. ஆட்டல், ஷ்ரேடர் போன்ற நிறுவனங்களுடையவை பரவலாகக் கிடைக்கும். இவற்றில் பழைய சென்சரின் எண்ணையே பதிவு செய்து நகலெடுக்கலாம். காருக்கு எதுவும் மாறியதாகவே தெரியாது, கற்பிக்கும் வேலை மிச்சம். எண்ணை எழுதிவைக்கச் சொன்னது இதற்காகத்தான். பேட்டரி முழுதாகத் தீர்ந்த சென்சரிடம் கருவியால் எண்ணைக் கேட்க முடியாது. டயரைக் கழற்றியபின் அதன் மேல் அச்சு அழியாமல் இருந்தால் உண்டு.

ஒன்றை மாற்றுவதா, நான்கையுமா? கார் பத்து வயதை நெருங்குகிறது, சென்சர்கள் அதனுடன் வந்தவை என்றால் நான்கையும் மாற்றுங்கள். ஒரே நாளில் பிறந்த பேட்டரிகள், ஒன்று தீர்ந்தால் மற்றவை அதிகம் பின்தங்குவதில்லை. டயரும் மாற்ற வேண்டிய நிலையில் இருந்தால் இரண்டையும் சேர்த்தே செய்துகொள்ளுங்கள். கல்லில் இடித்து உடைந்த ஒற்றைச் சென்சர் என்றால் அது ஒன்று போதும்.

பொருத்தும் வேலைக்கு டயர் மெஷின் உள்ள இடம்தான் நல்லது. சக்கரத்தைக் கழற்றி, வால்வு இருக்கும் இடத்துக்கு நேரே டயரில் சாக்பீஸால் குறி போடுங்கள். திரும்பப் பூட்டும்போது டயர் அதே இடத்தில் உட்கார்ந்தால் பேலன்சிங் அதிகம் மாறாது. வால்வு பின்னை (வால்வுக்குள் காற்றை அடைத்து வைக்கும் சின்ன ஊசி) கழற்றிக் காற்றை முழுவதும் வெளியேற்றிய பிறகே வால்வின் நட்டில் கை வைக்க வேண்டும். டயரின் விளிம்பை ரிம்மிலிருந்து பிரிக்கும் மெஷின் தகடு வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் இறங்க வேண்டும், வால்வுப் பக்கம் இறங்கினால் நல்ல சென்சரும் நொறுங்கும். பழைய ஃபோர்டு கார்கள் சிலவற்றில் கதை தலைகீழ்: அங்கே சென்சர் வால்வோடு இல்லாமல், ரிம்மின் குழியில் உலோகப் பட்டையால், வால்வுக்கு எதிர்ப்பக்கம் கட்டியிருக்கும். கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். டயரை முழுவதும் எடுக்க வேண்டியதில்லை. வெளிப்பக்க விளிம்பை மட்டும் தாண்டவைத்துக் கீழே அழுத்திப் பிடித்தால் கை நுழையும்.

ரிம்மின் துளையைச் சுற்றிப் படிந்திருக்கும் வெள்ளைத் துருவைச் சுத்தமாகத் துடையுங்கள். புதிய சென்சரில் ரப்பர் சீல் ரிம்முக்கு உட்புறம் வரும்படி பொருத்தி, வெளியிலிருந்து வாஷரையும் நட்டையும் போடுங்கள். அலுமினிய வால்வின் நட்டை இறுக்கும் அளவு பெரும்பாலும் 4 முதல் 8 நியூட்டன் மீட்டருக்குள்தான், சரியான எண் பெட்டியில் இருக்கும். ரப்பர் வால்வு வகையில் சென்சரைப் பிடிக்கும் டி-10 டார்க்ஸ் (நட்சத்திரக் குழித் தலை) திருகுக்கு 1.4 நியூட்டன் மீட்டர். இரண்டுமே விரல் பலத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். சாதாரண ஸ்பேனரை வைத்து ஓங்கி இறுக்குகிற பழக்கத்தில் வால்வே கழுத்தில் முறிந்துபோகும். காற்று நிரப்பியதும் வால்வைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். பழைய சென்சரையே விட்டுவைத்தாலும் டயர் மாற்றும்போது சீல், வாஷர், நட், வால்வு பின் இவற்றைப் புதிதாகப் போடுங்கள், தனி கிட்டாகக் கிடைக்கும்.

அலுமினிய வால்வுக்குள் நிக்கல் பூசிய வால்வு பின்னை மட்டும் போடவும். சாதாரணப் பித்தளைப் பின் அலுமினியத்தோடு சேர்ந்து அரித்துப் பிடித்துக்கொள்ளும். அழகான உலோக மூடியும் அதேதான் செய்யும். ஒரு மழைக்காலம் போனபின் பிளையர் வைத்துத் திருகினால் மூடியோடு வால்வும் கையில் வரும். பிளாஸ்டிக் மூடியே போதும்.

எண்ணை நகலெடுக்காமல் புதிய சென்சர் போட்டிருந்தால் காருக்குக் கற்பிக்க வேண்டும். இதில் மூன்று வகை உண்டு. சில கார்கள் ஓடும்போதே தானாகக் கற்றுக்கொள்ளும். நிறுத்திய வண்டியில் இருந்து சென்சர்கள் அதிகம் பேசாது, சுமார் 25 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல்தான் விழித்து அனுப்பத் தொடங்கும். எனவே 20 நிமிடமாவது நல்ல வேகத்தில் ஓட்டுங்கள். ஜி.எம்., ஃபோர்டு கார்கள் பலவற்றில் வண்டியை நிறுத்தி, கற்கும் நிலைக்குக் கொண்டுபோய், முன் இடது, முன் வலது, பின் வலது, பின் இடது என்ற வரிசையில் கருவியால் எழுப்ப வேண்டும். ஒவ்வொன்றையும் ஏற்கும்போது ஹாரன் ஒலிக்கும். இடையில் இரண்டு நிமிடத்துக்கு மேல் தாமதித்தால் ரத்தாகிவிடலாம். பக்கத்தில் இன்னொரு காரின் சென்சர் பேசிக்கொண்டிருந்தால் அதையே பிடித்துக்கொள்ளவும் வாய்ப்புண்டு, கொஞ்சம் தள்ளி நிறுத்திச் செய்யுங்கள்.

டொயோட்டா, லெக்சஸ், சுபாரு பழைய மாடல்கள் பலவற்றில் எண்களை ஓ.பி.டி. சாக்கெட் (பழுது பார்க்கும் கருவியைச் செருகும் இடம்) வழியாகக் காரின் கம்ப்யூட்டரில் எழுத வேண்டும். இன்ஜின் பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் சாதாரணக் கருவியால் இது ஆகாது, டி.பி.எம்.எஸ். வசதி உள்ள கருவி வேண்டும். டொயோட்டாவில் ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ரீசெட் பட்டன் இந்த வேலையைச் செய்யும் என்று பலர் நினைக்கிறார்கள். அது புதிய சென்சரைப் பதிவு செய்யாது; இப்போது டயரில் உள்ள அழுத்தத்தையே சரியான அளவாக நினைவில் வைத்துக்கொள்ளும். காற்று குறைவாக இருக்கும்போது லைட்டை அணைப்பதற்காக அதை அழுத்தினால், அந்தக் குறைந்த அளவையே கார் சரி என்று எடுத்துக்கொண்டு, டயர் இன்னும் இறங்கும்வரை வாய் திறக்காது.