ஒருவருக்குச் சம்பளம், ஒருவருக்குச் சொந்தத் தொழில்: வரிக் கேள்விகளும் பதில்களும்

தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பங்கள் கேட்டவை இவை. வரி ஆலோசகராக வேலை பார்ப்பதால் பதில் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. தொகைகள் எல்லாம் 2026 வரி ஆண்டுக்கானவை, அதாவது 2025 மார்ச் 1 முதல் 2026 பிப்ரவரி 28 வரை.

அக்கா, அவருக்குத் தொழிற்சாலையில் சம்பளம். நான் வீட்டில் முறுக்கும் சமோசாவும் செய்து விற்கிறேன், வருஷத்துக்கு 70,000 ராண்ட் லாபம். இருவருக்கும் சேர்த்து ஒரே படிவம் போடலாமா? (சாட்ஸ்வொர்த்)

முடியாதும்மா. தென்னாப்பிரிக்காவில் தம்பதிக்குக் கூட்டுப் படிவம் என்று ஒன்றும் கிடையாது. வரித் துறையான சார்ஸ் கண்ணுக்கு நீங்கள் இருவரும் தனித்தனி ஆள்கள். 65 வயதுக்குக் கீழே இருப்பவருக்கு 95,750 ராண்ட் வரை வரி இல்லை, அதனால் உங்கள் 70,000க்கு எதுவும் கட்ட வேண்டாம். ஆனால் தொழில் செய்பவர் என்பதால் படிவம் போட்டே ஆக வேண்டும். மாவு, எண்ணெய், பாக்கெட் செலவு போக நிற்பதுதான் லாபம். வீட்டுக் குழம்புக்கு ஊற்றிய எண்ணெயை அதில் சேர்க்காதீர்கள். நிறையப் பேர் சேர்க்கிறார்கள், தெரியும்.

ஒப்பந்தம் எதுவும் எழுதாமல்தான் பதிவுத் திருமணம் செய்தோம். என் பெயரில் வங்கி டெபாசிட் இருக்கிறது, பின்கட்டை வாடகைக்கு விட்டிருக்கிறேன். மனைவி பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். எது யார் கணக்கில் வரும்? (ஃபீனிக்ஸ்)

அதிகமாகக் குழம்பும் இடம் இதுதான், தம்பி. ஒப்பந்தம் எழுதாவிட்டால் உங்களுடையது கூட்டுச் சொத்துத் திருமணம். சொத்து பாதிப்பாதி என்பதால் பார்லர் லாபத்திலும் பாதி உங்கள் கணக்கில் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது. தொழில் வருமானம் தொழில் செய்பவருக்கே. அதேபோல உங்கள் சம்பளம் உங்களுக்கே. வட்டி, வீட்டு வாடகை, சொத்து விற்ற ஆதாயம் ஆகியவைதான் யார் பெயரில் இருந்தாலும் சரிபாதியாகப் பிரியும்.

இதில் உங்களுக்கு ஒரு லாபமும் உண்டு. டெபாசிட் வட்டி 40,000 ராண்ட் என்று வையுங்கள். ஆளுக்கு 20,000. 65 வயதுக்குக் கீழே ஒருவருக்கு வட்டியில் 23,800 வரை விலக்கு இருப்பதால் இருவருக்குமே வரி இல்லை. இதே டெபாசிட், தனிச் சொத்து ஒப்பந்தம் எழுதியவர் கையில் இருந்தால் மீதி 16,200க்கு அவர் வரி கட்டுவார்.

படிவத்தில் நீங்களாகவே பாதியை எழுதிவிடாதீர்கள். முழு வட்டியையும் எழுதி, கூட்டுச் சொத்துத் திருமணம் என்பதையும் மனைவியின் அடையாள எண்ணையும் கொடுங்கள். பாதியாக்கும் வேலையை சார்ஸ் பார்த்துக்கொள்ளும். நீங்கள் பாதி எழுத, அவர்கள் அதையும் பாதியாக்க, அப்புறம் விளக்கக் கடிதம் வரும்.

எங்களுக்குக் கோயிலில் தாலி கட்டியதோடு சரி, ஹோம் அஃபேர்ஸில் (உள்துறை அலுவலகத்தில்) பதிவு செய்யவில்லை. வரிக்கு நாங்கள் தம்பதியா? (டோங்காட்)

ஆம். வருமான வரிச் சட்டம் சமய முறைப்படி நடந்த திருமணத்தையும் ஏற்கிறது. ஆனால் வேறு ஆதாரம் காட்டாத வரை அதைத் தனிச் சொத்துத் திருமணமாகவே எடுத்துக்கொள்ளும். ஆகவே மேலே சொன்ன பாதிப்பாதி உங்களுக்கு இல்லை, வட்டி யார் பெயரிலோ அவருக்கே. கணவன் மனைவிக்குள் கொடுக்கும் அன்பளிப்புக்கு நன்கொடை வரி கிடையாது. அந்தச் சலுகை உங்களுக்கும் உண்டு. அதற்காக வரியைக் குறைக்கவே பணத்தை மனைவி பெயருக்கு மாற்றினால், அதில் வரும் வட்டி திரும்ப உங்கள் தலையில்தான் விழும். வரி ஒருபுறம் இருக்கட்டும், திருமணத்தைப் பதிவு செய்துவிடுங்கள். வாரிசுரிமை, ஓய்வூதியம் என்று வரும்போது அந்தத் தாள் வேண்டும்.

நான் எலக்ட்ரீஷியன், மனைவி ஆசிரியை. அவளுக்கு ரீஃபண்ட் வருகிறது, எனக்குப் பாக்கி நிற்கிறது. ஒன்றில் ஒன்றைக் கழிக்க மாட்டார்களா? (வெருலம்)

மாட்டார்கள். வரி எண் வேறு, கணக்கு வேறு. உங்கள் உண்மையான சிக்கல் பாக்கி ஏன் மொத்தமாக நிற்கிறது என்பது. மனைவிக்கு மாதாமாதம் சம்பளத்திலேயே பிடித்துவிடுகிறார்கள். உங்களுக்குப் பிடிக்க ஆள் இல்லை, அதனால் நீங்களே முன்கூட்டிக் கட்ட வேண்டும். முன்கூட்டிக் கட்டும் வரிக்கான ஐஆர்பி 6 படிவம் ஆகஸ்ட் முடிவில் ஒன்று, பிப்ரவரி முடிவில் ஒன்று. வருஷ வரி 40,000 என்று கணித்தால் ஆகஸ்டில் 20,000, பிப்ரவரியில் மீதி. தாமதித்தால் 10 சதவீத அபராதம், அதற்கு மேல் வட்டி. பிப்ரவரியில் வேண்டுமென்றே குறைத்துக் கணித்தாலும் அபராதம் வரும். கணிப்பு தவறிவிட்டது என்று பிறகு தெரிந்தால் செப்டம்பர் முடிவுக்குள் மீதியைக் கட்டி வட்டியைத் தவிர்க்கலாம்.

என் யோசனை: ஒவ்வொரு பில்லுக்கும் பணம் வந்த அன்றே அதில் ஒரு பங்கை வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். டிசம்பர் செலவுக்கு அதைத் தொடக் கூடாது.

என் பிளம்பிங் தொழிலுக்கு மனைவிதான் பில் போடுகிறாள், போன் எடுக்கிறாள். அவளுக்குச் சம்பளம் கொடுத்துச் செலவில் காட்டலாமா? (மெரபேங்க்)

தாராளமாக. வேலை நிஜமாக நடக்க வேண்டும், சம்பளம் வெளியாளுக்குக் கொடுக்கும் அளவில் இருக்க வேண்டும், பணம் வங்கி வழியாகப் போக வேண்டும். வாரத்துக்கு நாலு போன் எடுப்பதற்கு மாதம் 25,000 என்று காட்டினால், நியாயமான தொகைக்கு மேலே உள்ளதை உங்கள் வருமானமாகவே கணக்கிடுவார்கள். மாதம் 24 மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் யுஐஎஃப் (வேலையின்மைக் காப்பீட்டு நிதி) பதிவும் வேண்டும்: அவள் சம்பளத்தில் 1 சதவீதம், உங்கள் பங்கு 1 சதவீதம். அவளுக்கு வேறு வருமானம் இல்லாவிட்டாலோ குறைவாக இருந்தாலோதான் இந்த ஏற்பாட்டில் பலன் தெரியும்.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துதான் தையல் ஆர்டர் முடிக்கிறேன். வீட்டுச் செலவில் பங்கு கழிக்கலாமா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

மேசைக்குக் கிடையாது. தொழிலுக்கென்றே ஒதுக்கிய, அதற்கான சாமான் வைத்த தனி அறை வேண்டும். 120 சதுர மீட்டர் வீட்டில் அறை 12 என்றால் வாடகை, மின்சாரம் போன்றவற்றில் 10 சதவீதம். சொந்த வீடானால் யோசித்துச் செய்யுங்கள், பின்னாளில் விற்கும்போது அந்தப் பங்குக்கு ஆதாய வரி விலக்கு போய்விடும்.

என் மனைவிக்கு ஜூலையில் 'கணக்கு முடிந்தது' என்று சார்ஸிடமிருந்து எஸ்எம்எஸ் வந்தது. அப்படியே விட்டுவிடலாமா? (லெனேசியா)

அவளுடைய முதலாளி, வங்கி, மருத்துவத் திட்டம் கொடுத்த தகவலை வைத்து சார்ஸ் தானாகவே போட்ட கணக்கு அது. உங்களுடையது கூட்டுச் சொத்துத் திருமணமாக இருந்து, உங்கள் பெயரில் வாடகை வருகிறது என்றால் அதில் அவளுடைய பாதி அந்தக் கணக்கில் இருக்காது. சார்ஸின் இணையதளமான ஈஃபைலிங்கில் திறந்து பாருங்கள். விட்டுப்போயிருந்தால் கெடுவுக்குள் திருத்திய படிவத்தை அவள் பெயரில் அனுப்புங்கள், வாடகை ரசீதுகளை 5 வருஷம் பத்திரமாக வையுங்கள்.