சுங்கை சிப்புட் வீட்டு சர்வர்: கேட்டதும் சொன்னதும்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், 2014 முதல் என் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு சர்வர் (கோப்புகளைச் சேமித்து மற்றக் கருவிகளுக்குத் தரும் கணினி) ஓடுகிறது. தோட்டத்துக் குடும்பங்களின் கேசட்டுகள், கல்யாண வீடியோக்கள், திருவிழாப் படங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

அண்ணா, சர்வருக்கு ராஸ்பெரி பை (உள்ளங்கை அளவு ஒற்றைப் பலகைக் கணினி) வாங்கலாமா, சிறிய கணினி வாங்கலாமா?

பாட்டுக்கும் கோப்புகளுக்கும் பை போதும். வீட்டில் பலர் பல கருவிகளில் படம் பார்த்தால், சர்வர் அந்த நேரத்திலேயே வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றித் தர வேண்டியிருக்கும். அந்த வேலையைச் செய்யும் என்கோடர் பை 5-இன் சில்லில் இல்லை. சிறிய கணினிகளில் வரும் இன்டெல் என்100 சில்லில் உண்டு. மின்கட்டணத்துக்குப் பயப்படாதீர்கள். 10 வாட் இழுக்கும் பெட்டி மாதம் முழுவதும் ஓடினாலும் 7.2 யூனிட்தான்.

ஐயா, ரெய்டு 1 (எழுதுவதை இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் பதியும் முறை) போட்டு இரண்டு ஹார்ட் டிஸ்க் வைத்திருக்கிறேன். காப்புப் பிரதி இருக்கிறது என்று நிம்மதியாக இருக்கலாமா?

இருக்க வேண்டாம். ஒரு டிஸ்க் பழுதானால் மற்றது ஓடும், அதற்குத்தான் ரெய்டு. தவறி ஒரு கோப்பை அழித்தால் அதே நொடியில் இரண்டிலும் அழியும்.

2016 தீபாவளிக்கு முந்திய வாரம், மாலை மழையில் ஒரு மின்னல். ஒரே பெட்டியில் இருந்த இரண்டு டிஸ்க்கும் போயின. என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில் பாடிய தாலாட்டு அதில் இருந்தது. கணினியில் ஏற்றியாயிற்றே என்று கேசட்டைத் தூக்கிப் போட்டிருந்தேன். "ராரி" என்று இழுக்கும் இடத்தில் அம்மா ஒரு முறை இருமுவார். அந்த இருமல் வரை நினைவிருக்கிறது; குரல் இல்லை.

ஆகவே மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு வீட்டில். என் மூன்றாவது பிரதி ஈப்போவில் தங்கை வீட்டு அலமாரியில், மின் இணைப்பே இல்லாமல் இருக்கிறது.

மூன்று டிஸ்க்கில் ரெய்டு 5 போட்டால்?

மேலே சொன்னதே.

தம்பி, கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா? மகன் கூடாது என்கிறான். (ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை)

வையுங்கள் அக்கா. ஒன்று மட்டும் கவனியுங்கள். சர்வரில் ஓடும் லினக்ஸ் இயங்குதளத்தின் எக்ஸ்ட்4 கோப்பு முறையில் ஒரு பெயருக்கு 255 பைட் எல்லை. எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். மெய்யும் அதன் உயிர்க்குறியும் தனித்தனியாக எண்ணப்படும். "மாரியம்மன் கோயில் தீமிதித் திருவிழா" என்ற நான்கு சொற்களுக்கே 99 பைட் ஆகிவிடும்.

அதனால்தான் ரோமன் எழுத்து நல்லது என்கிறேன். (மகன்)

நீளம் ஒரு தடையல்ல தம்பி, பெயரைச் சுருக்கலாம். உண்மையான தொல்லை வேறு. அதே பெயர் சில நேரம் 102 பைட் ஆகும். "கோ"வின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரட்டைக்கொம்பாகவும் காலாகவும் இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். பழைய மேக் கணினிகளின் கோப்பு முறை பிரித்தே சேமித்தது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு கோப்புறைகள் அருகருகே வந்து நிற்பது இதனால்தான். கான்வ்எம்வி என்ற கருவியை, குறியைப் பிரிக்காமல் ஒன்றாகச் சேமிக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றச் சொல்லி ஒரு முறை ஓட்டினால் சரியாகிவிடும்.

எல்லாருமே ரோமனில் வைத்தால் இந்தச் சிக்கலே இல்லையே? (மகன்)

யாருடைய ரோமன்? கோயில், கோவில் இரண்டுக்கும் நம் ஊரிலேயே ஐந்து விதமாக எழுத்துக்கூட்டுகிறார்கள். "தாலாட்டு" என்று தேடும் பேத்திக்கு ஒரு முறையிலாவது கிடைக்க வேண்டும். உங்கள் அம்மா சொல்வதே சரி.

ஜெல்லிஃபின் (சர்வரிலுள்ள வீடியோக்களைப் பட்டியலிட்டுக் காட்டும் மென்பொருள்) என் அக்காவின் கல்யாண வீடியோவுக்கு ஏதோ ஒரு சினிமாப் படத்தின் சுவரொட்டியைப் போட்டுவிட்டது.

அதைத் திரைப்பட நூலகத்தில் சேர்த்திருக்கிறீர்கள். வீட்டு வீடியோக்களுக்கென்று தனி நூலக வகை இருக்கிறது. அதில் சேர்த்தால் வெளியிலிருந்து விவரம் தேடாது.

வெளியூரிலிருந்து பார்க்க ரவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து சர்வருக்கு வரும் வழி) திறந்தும் வேலை செய்யவில்லை.

ரவுட்டரின் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பகிர்கின்றன. அங்கே போர்ட் திறந்து பயனில்லை. உங்கள் கருவிகளை மட்டும் தனி வலையமைப்பாக இணைக்கும் டெய்ல்ஸ்கேல் மென்பொருளைப் போடுங்கள். முகவரி சரியாக இருந்தாலும் போர்ட்டைத் திறக்காதீர்கள்.

புதுப்படம் எந்தத் தளத்தில் இறக்குவது?

இதற்கு நான் பதில் சொல்வதில்லை.

நான்கு டிஸ்க் ரெய்டு வைத்திருக்கிறேன், காப்புப் பிரதி வேண்டுமா?

வேண்டும். மூன்றாவது முறையாகச் சொல்கிறேன்.

யூபிஎஸ் (மின்சாரம் போனாலும் பேட்டரியில் ஓட வைக்கும் பெட்டி) இருந்தால் மின்னலுக்குப் பயமில்லையே?

எர்த் சரியில்லாத பழைய லயன் வீட்டில் (தோட்டத்து வரிசை வீட்டில்) அந்த நம்பிக்கை வேண்டாம். வானம் இருண்டு வரும்போதே, இடி முழங்கத் தொடங்குவதற்கு முன், சர்வரை முறைப்படி நிறுத்தி, பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். நெட்வொர்க் கம்பியையும் கழற்றுங்கள்.

தாத்தா பேசிய கேசட் ஒன்று கிடைத்தது. நாடாவில் வெள்ளையாகப் பூசணம். ஓட்டிப் பார்க்கலாமா?

ஓட்டாதீர்கள். பூசணம் டெக்கின் தலையில் ஒட்டும், நாடாவும் அறுந்துபோகலாம். மற்ற கேசட்டுகளிலிருந்து பிரித்து, காய்ந்த இடத்தில், வெயில் படாமல் வையுங்கள். ஒரு மணி நேரக் கேசட்டை 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோவில் பதிந்தால் ஏறத்தாழ 635 எம்பி. ஒலித்தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக் வடிவத்தில் அதில் பாதியளவுக்குச் சுருங்கும். பதிவதற்கு முன்னால் நாடாவைச் சுத்தம் செய்ய வேண்டும். ஞாயிறு காலை வீட்டுக்கு எடுத்து வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். வேலை முடிந்தபின் கேசட்டை நீங்களே பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.