காரை வாங்க வருகிறவர்களைப் பார்த்தாலே எரிச்சல்!

கேள்வி:
துருப்பிடித்துக் கிடந்த பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் ஒன்றை வாங்கினேன். பல வருடங்கள், விடுமுறை நாட்களில் நானே உட்கார்ந்து துருவைச் சுரண்டி, தகடு வெட்டி வெல்டிங் வைத்து, பின்பக்க என்ஜினை இறக்கிப் பிரித்துச் சரிசெய்து பழைய அழகுக்குக் கொண்டுவந்தேன். இப்போது முதுகுவலி, குனிய முடியவில்லை. சின்ன வீட்டுக்கும் மாறப்போகிறோம். விற்றுவிடலாம் என்று முதலில் சொன்னதே நான்தான். ஆனால் யாராவது பார்க்க வந்தால் எரிச்சல் வருகிறது. கதவை ஓங்கிச் சாத்தினார் என்பதற்காகவே ஒருவரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். இன்னொருவர் கேட்ட விலை என் உழைப்பையே கேவலப்படுத்தியதுபோல் இருந்தது. 'வெறும் இரும்புக்கு இவ்வளவா?' என்கிறான் மகன். எனக்கு ஏதாவது கோளாறா?

பதில்:
கோளாறெல்லாம் இல்லை. டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், சாதாரண காபிக் கோப்பைகளைச் சிலருக்குக் கொடுத்து விற்கச் சொன்னார்கள். அவர்கள் எதிர்பார்த்த விலை, வாங்குபவர்கள் தர நினைத்ததைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. சற்றுமுன் கைக்கு வந்த கோப்பைக்கே அப்படி. நீங்களோ ஒவ்வொரு நட்டையும் கழற்றி மாட்டியவர்! வந்தவர் காருக்கு விலை சொன்னார். நீங்கள் அத்தனை விடுமுறை நாட்களுக்கும் சேர்த்து எதிர்பார்க்கிறீர்கள். அதை யாராலும் தர முடியாது. பழைய கார்களை மதிப்பிடத் தெரிந்த மூன்றாம் மனிதர் விலையைச் சொல்லட்டும். பேரத்தை மனைவி பேசட்டும். (மகன்மீது கோபம் வேண்டாம். அப்பாவின் விடுமுறையை அந்தக் காரோடு பங்குபோட்டு வளர்ந்த பிள்ளையாகவும் இருக்கலாம்.)

உங்கள் கடிதத்தில் துரு, தகடு, என்ஜின் எல்லாம் வருகின்றன. அந்தக் காரை ஓட்டியதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே, கவனித்தீர்களா? உங்களுக்குப் பிடித்தது அந்த வேலை என்று தோன்றுகிறது. கார் தயாரான அன்றே அந்த வேலை கைவிட்டுப் போயிற்று. வருத்தம் இப்போதுதான் வெளியே வருகிறது. எனவே குனியாமல், மேசையில் வைத்தே செய்யக்கூடிய ஒன்றை விற்பதற்கு முன்பே தொடங்குங்கள். பழைய கடிகாரமோ, ரேடியோவோ, வேறு யாருடைய காரின் கார்புரேட்டரோ.

சும்மா நிற்பது காருக்கும் நல்லதல்ல. பெட்ரோல் பிசினாகப் படியும், பேட்டரி இறங்கும், டயர் ஒரே இடத்தில் அழுந்தும். ஓட்ட ஆசைப்படுகிறவருக்கே கொடுங்கள். வேலை நடந்தபோது எடுத்த படங்களையும் பில்களையும் சேர்த்துக் கொடுத்து, ஒரு பிரதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். நிறத்தை மாற்றக்கூடாது என்றெல்லாம் சத்தியம் வாங்காதீர்கள். இனி அது அவருடைய கார். விற்றபின் சில நாட்கள் மனம் கனக்கத்தான் செய்யும். இரண்டு வாரம் கடந்தும் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் ஓர் ஆலோசகரை நேரில் பாருங்கள்.