சண்டிகர் நாற்காலி: கேள்வி பதில்

சண்டிகரின் பழைய தேக்கு நாற்காலிகளைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: பார்த்தால் பழைய அரசு அலுவலக நாற்காலி மாதிரிதானே இருக்கிறது சார்? என்ன விசேஷம்?

பதில்: அரசு அலுவலக நாற்காலியேதான். பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குப் போனதால் பஞ்சாபுக்குப் புதிய தலைநகரம் தேவைப்பட்டது; அதுதான் சண்டிகர். நகரத் திட்டம் கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே உடையது. அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் பியர் ஜான்னரே 1951 முதல் 1965 வரை அங்கேயே தங்கி வேலையை நடத்தினார். தலைமைச் செயலகம், உயர் நீதிமன்றம், பல்கலைக்கழகம் என்று ஆயிரக்கணக்கில் இருக்கைகள் வேண்டியிருந்தன; அவற்றுக்காக ஜான்னரேயின் குழு வரைந்தவைதான் இவை. பக்கவாட்டில் பாருங்கள்: முன்காலும் பின்காலும் மேலே சேர்ந்து, கவிழ்த்த ‘வி’ போல நின்று கைப்பிடியைத் தாங்கும். தேக்கைக் கரையான் லேசில் தொடாது. பிரம்புப் பின்னலில் காற்று புகும், வெயில் காலத்தில் முதுகு வேர்க்காது. குமாஸ்தா உட்காரும் நாற்காலிக்கு இவ்வளவு யோசித்திருக்கிறார்களே, அதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

கேள்வி: எல்லாம் ஜான்னரே ஒருவரே வரைந்ததா?

பதில்: இல்லை. யூலி சௌத்ரி போன்ற இந்தியக் கட்டடக் கலைஞர்களும் அந்தக் குழுவில் இருந்தார்கள். செய்தது பல பட்டறைகளின் தச்சர்கள். அதனால்தான் ஒரே மாதிரி நாற்காலிகளிலும் அளவு கொஞ்சம் மாறும். ஏலப் பட்டியல்களில் அந்தத் தச்சர்களுக்கு இடமில்லாதது எனக்கு வருத்தம்தான்.

கேள்வி: நம் நாட்டுச் சொத்து வெளிநாட்டுக்கு எப்படிப் போனது?

பதில்: பிரம்பு அறுந்தால் பின்ன ஆளில்லை. முற்றத்திலும் மொட்டை மாடியிலும் குவித்துப் போட்டு, பழைய சாமான் விலைக்கு ஏலம் விட்டார்கள். ஐரோப்பிய வணிகர்கள் வாங்கிச் சீர்செய்து, பாரிஸ், நியூயார்க் ஏலங்களில் லட்சக்கணக்கில் விற்றார்கள். 2011இல் மத்திய உள்துறை அமைச்சகம் விற்பனைக்குத் தடை போட்டது. ஆனால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, தொல்பொருள் என்று வெளிநாடு போகாமல் தடுக்க இத்தகைய பொருளுக்கு 100 வயது ஆகியிருக்க வேண்டும். இந்த நாற்காலிகளுக்கு அந்த வயது இல்லை. ஓட்டை அங்கேதான்.

கேள்வி: பின்னால் வெள்ளை எழுத்து இருந்தால் அசலா?

பதில்: அது அலுவலகக் கணக்குக்காக எழுதியது. போலிகளிலும் எழுதிவிடுகிறார்கள், அதை மட்டும் நம்பாதீர்கள்.

கேள்வி: இதே வடிவில் ஒரு நாற்காலி வாங்கினேன் அண்ணா, பிரம்பு தொய்ந்துவிட்டது.

பதில்: மரச்சட்டத்தில் வரிசையாகத் துளை இருந்தால் கையால்தான் பின்ன வேண்டும். பிரம்பை ஊறவைத்து, ஈரம் இருக்கும்போதே இழுத்துப் பின்னச் சொல்லுங்கள். காயும்போது தானே இறுகும். முழுதாகக் காயும்வரை யாரையும் உட்கார விடாதீர்கள்.